‘நான்’ என்றால் நகரும் பல்

பாளையங்கோட்டையில் ஒரு பெரிய மனிதரின் முன்பல்லில் என் குடையை மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஆற அமரக் காபி குடித்தவன் நான். சாதாரணக் குடை இல்லை. மழையில் நனைந்து கனத்துப்போன குடை. பல்லுக்குச் சொந்தக்காரர் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவர் பேசப் பேசக் குடை என்னைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

நம்ப மாட்டீர்கள், தெரியும். மின்வாரியத்தில் இருந்த காலத்திலேயே “தளவாய் சார் கம்பம் சாஞ்சிட்டுன்னு சொன்னா, வயர் கொஞ்சம் தொய்ஞ்சிருக்கும்” என்று சிரித்துக்கொண்டுதான் ஆட்கள் கிளம்புவார்கள். ஆனால் இந்தப் பல் விஷயத்தில் ஊரே என் கட்சி. நம்பாமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அந்தப் பல்லின் சொந்தக்காரர்.

அவர் பெயர் ஆறுமுகநயினார். என் தம்பி மகள் செண்பகவல்லிக்கு மாமனார். பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமிரபரணி அவரைக் கேட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது என்று அவரும், அவரைப் பார்த்ததனால்தான் அவ்வளவு வேகமாகப் போகிறது என்று நானும் சொல்வோம். வாயைத் திறந்தால் முதலில் விழும் சொல் ‘நான்’. “நான் இல்லேன்னா இந்த ரோடு ஏது? நான் இல்லேன்னா இந்தத் தண்ணி ஏது?” அடுத்த தேர்தலில் மேயராகிவிடுவதென்று தீர்மானம் செய்துவைத்திருந்தார், தேர்தல் ஒரு சடங்குதான்.

செண்பகத்தைப் பெண் பார்க்க வந்தபோது அவளுக்கு ஒரு தெத்துப்பல் இருந்தது. சிரித்தால் உதட்டோரம் எட்டிப் பார்க்கும். ஓட்டுநரில்லா ஆட்டோக்களுக்கு நம் ஊர்ச் சந்துபொந்துகளைக் கற்றுக்கொடுக்கும் வேலை அவளுக்கு. எந்த முடுக்கில் மாடு படுத்திருக்கும், எந்த வளைவில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் அந்த வண்டிகளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளுக்குப் போயும் போயும் நயினாரின் மகன் கதிரேசனைப் பிடித்துவிட்டது. சாதுப் பையன். “அப்பா என்ன சொல்லுதாங்களோ அதான்” என்பதைத் தவிர அவன் வேறு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

“பொண்ணு லட்சணமா இருக்கா,” என்றாள் நயினாரின் மனைவி உமா. “அந்தப் பல்லை மட்டும் ஒழுங்கு பண்ணிட்டா போதும். அதான் இப்ப இளக்கு ஊசி வந்திருக்கே.”

“நான் சொல்லுதேன் கேளும் சம்மந்தி,” என்றார் நயினார் என்னைப் பார்த்து. “முகூர்த்தத்துக்கு முன்னால முடிஞ்சிரணும். ஆல்பத்துல தெத்துப்பல்லு தெரியப்படாது.”

என் தம்பி தலையாட்டினான். அவன் மின்விசிறிக்கே தலையாட்டுகிறவன்.

இளக்கு ஊசி என்பது ஊர் வைத்த பெயர். பல் டாக்டர் ஜெபசெல்வி அதை வளர்ச்சிக்காரணி என்பாள். முருகன்குறிச்சியில் அவளுடைய மருத்துவமனை. நயினார் குடும்பம், எங்கள் குடும்பம் எல்லாரும் ஏதோ ஜவுளி எடுக்கப் போவதுபோலக் கூட்டமாகப் போனோம்.

“பல்லுன்னா எலும்புல அறைஞ்ச ஆணின்னு நினைக்காதீங்க அண்ணாச்சி,” என்று எனக்கு விளக்கினாள். “ஒரு பக்கம் அழுத்துனா அந்தப் பக்கத்து எலும்பு கரையும். விட்ட எடத்துல புது எலும்பு வளரும். இடிக்க ஒரு கூட்டம் செல்லு இருக்கு, கட்ட ஒரு கூட்டம் இருக்கு. சும்மா கம்பி மட்டும் போட்டா அதுங்க சாவகாசமா வேலை பாத்து ஒண்ணு ரெண்டு வருசம் இழுத்துரும். வளர்ச்சிக்காரணி நம்ம உடம்புலயே ஊறுறதுதான். அதை ஈறுக்குள்ள நேராப் போட்டோம்னா ரெண்டு கூட்டமும் பேய் புடிச்ச மாதிரி வேலை செய்யும்.”

“முகூர்த்தத்துக்கு முன்னால முடிஞ்சிருமாம்மா?”

“பல்லு முடிஞ்சிரும். எலும்பு முடியாது. அது இறுக ஒரு வருசத்துக்கு மேல ஆவும். அதுவரைக்கும் களிமண்ணு மாதிரிதான் கெடக்கும். ராவும் பகலும் பல்லு அசையாமப் பிடிச்சிருக்க பல்காப்பு மாட்டியிருக்கணும். என்னைக் கேட்டா அவசரப்படாம மெதுவாவே…”

“களிமண்ணுல நான் பாலமே கட்டியிருக்கேன்,” என்றார் நயினார். “எனக்கும் ஒண்ணு போடு. தேர்தலுக்குச் சுவர்ப் பலகையில என் படம் வரப்போவுது. நான் சிரிச்சா ஊரு சிரிக்கணும்.”

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது அப்படியே பலித்தது.

ஒரே நாளில், ஒரே மருந்தில், இரண்டு பேருக்கும் ஊசி. பல் நகர்ந்த வேகத்தை நான் கண்ணால் பார்த்தேன். செண்பகம் பந்தக்கால் நட்ட அன்று காலையில் சிரித்ததற்கும் மாலையில் சிரித்ததற்கும் வித்தியாசம் இருந்தது. கல்யாணத்தன்று மாமனாருக்கும் மருமகளுக்கும் அரிசி அடுக்கிவைத்ததுபோலப் பல். புகைப்படக்காரனுக்குக் கண் கூசியது.

கல்யாணம் முடிந்ததும் பல்காப்புக்கு வந்தது கேடு. “வாயில பிளாஸ்டிக்கை மாட்டிக்கிட்டு வெளக்கேத்துனா வெளங்குமா?” என்று உமா அதைக் கழற்றச் சொல்லி, மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டாள். நயினார் முதல் கூட்டத்திலேயே தன்னுடையதைக் கழற்றி எறிந்தார். அதைப் போட்டுக்கொண்டு பேசினால் ‘நான்’ என்பது ‘ஞான்’ என்று வந்து விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், இவர் எப்போது மலையாளத்தில் பேசக் கற்றுக்கொண்டார் என்று வாயைப் பிளந்தார்கள். ‘நான்’ சுத்தமாக வராத வாயை வைத்துக்கொண்டு அவர் என்னதான் செய்வார், பாவம்!

புகுந்த வீட்டில் செண்பகத்தின் நாள் எப்படிப் போயிற்று என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. “அத்தை, இந்த உப்பு போதுமா? அத்தை, குளிக்கட்டுமா? அத்தை, ஆட்டோ வந்துட்டு, வேலைக்குப் போயிட்டு வரட்டுமா? அத்தை, கூப்பிட்டீங்களா?” மூச்சு விடுவதற்கு மட்டும்தான் அவள் அனுமதி கேட்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் அவளுடைய மேல்வரிசை முன்னால் புறப்பட்டுவிட்டது. தெத்துப்பல்லாவது ஒன்றுதான். இப்போது நாலும் சேர்ந்து வாசலுக்கு வந்து நின்றன.

நயினார் எனக்குப் போன் செய்தார்.

“ஓய் தளவாய், உம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பல்லு பொறப்பிலேயே கோளாறு. ஊசியைப் போட்டு மறைச்சு எங்க தலையில கட்டிட்டீரு.”

“ஊசி போடச் சொன்னதே நீருதாம்வே!”

“நான் நல்ல பல்லுக்குப் போடச் சொன்னேன்.”

சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் ‘ஏமாத்துக் கல்யாணம்’ என்று சொல்லியாயிற்று. கதிரேசன் அவளை ஓட்டுநரில்லா ஆட்டோவில் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டான். “பல்லு சரியாவட்டும்னு அப்பா சொல்லுதாங்க,” என்றான். அவளுக்குப் பாதை தெரியும், அந்த ஆட்டோவுக்கும் தெரியும். எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் நின்றவன் அவன்தான். பிறகு அதே ஆட்டோவில் திரும்பிப் போய்விட்டான்.

செண்பகம் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. “பெரியப்பா, நான் யாரையும் ஏமாத்தலை,” என்றாள். அதையே எல்லாரிடமும் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் அவள் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்த்தார்கள்.

ஜெபசெல்விதான் விஷயத்தைப் பிடித்தாள். செண்பகத்தின் நாக்கில் நீலச் சாயம் தடவினாள்.

“ஏதாவது பேசு.”

“என்ன பேச?”

“அந்த வீட்டுல என்ன பேசுவியோ அதை.”

“அத்தை… அத்தை, இந்தா வந்துட்டேன் அத்தை…”

கண்ணாடியை வைத்துப் பார்த்தால் முன்பற்களின் முதுகு முழுக்க நீலம். டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“தப்பு என் பேருலயும் இருக்கு அண்ணாச்சி. சாதாரணப் பேச்சால பல்லு நகராதுன்னு மருந்துக்காரங்க சொன்னதை அப்படியே நம்பிட்டேன். அவுங்க சோதிச்சுப் பாத்தது இங்கிலீசு பேசுற அவுங்க ஊர் ஆளுங்களை வச்சு. அவுங்க பேச்சுல நாக்கு மேல ஈறைத்தான் தட்டும், பல்லைத் தொடாது. நம்ம ‘த’வும் ‘ந’வும் நேரா பல்லுமேல போயில்லா முட்டுது!”

“அப்போ ஊசி போட்ட தமிழன் எல்லாருக்கும் பல்லு வெளிய வந்திரணுமே?”

“லேசா தொட்டுட்டுப் போனா எலும்பு கண்டுக்காது. ஒரே எடத்துல, திரும்பத் திரும்ப, அழுத்தி விழணும். பயந்துக்கிட்டுச் சொல்லுற ‘அத்தை’க்கு அழுத்தம் சாஸ்தி.”

மருந்துக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். நோயாளிகள் சிகிச்சைக் காலத்தில் வேறு சொற்களைப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று பதில் வந்தது. இரண்டாயிரம் வருஷமாகப் பேசுகிறோம், ஒரு ஊசிக்காக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்!

“இறுக்க மருந்து இன்னும் வரலை,” என்றாள் ஜெபசெல்வி. “உதட்டை மூடிச் சொல்லுற சொல்லு நல்லது. உதடு வெளியில இருந்து பல்லை உள்ள அமுக்கும். இப்போதைக்குப் பல்காப்பைப் போடு, பேச்சுக்குப் பேச்சு அம்மாவைக் கூப்பிடு.”

செண்பகம் கூப்பிட்டாள். அம்மா, அப்பா, பெரியப்பா. பிறந்த வீட்டில் வேறு யாரைக் கூப்பிட? ஐப்பசி மழை தொடங்கும்போது பற்கள் நாலும் பழைய இடத்தில் போய் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்துவிட்டன. ‘பெரியப்பா’வில்தான் அதிக வேலை நடந்தது என்பது என் கட்சி.

அதற்குள் நயினாரின் பல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? செண்பகத்தின் பல் வாசலுக்கு வந்தது என்றால் அவருடையது தெருமுனைக்குப் போய்விட்டது. அவர் சந்தில் திரும்பினால் முதலில் பல் வரும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் வருவார். மாலை போட வந்தவர்கள் கழுத்தை எட்ட முடியாமல் திணறினார்கள். கோபாலசாமி கோயில் பக்கத்தில் ஒரு காகம் அதில் உட்கார்ந்து இளைப்பாறியதைப் பார்த்தவர்கள் உண்டு, அதாவது நான் உண்டு. அவருடைய வீட்டுக் கதவு முகம் பார்த்துத் திறக்கிற கதவு. ஒருநாள் அது, “நீங்கள் யார்?” என்று கேட்டுவிட்டது. “நான்!” என்றார். மறுபடியும் கேட்டது. “நான்வே! நான்தான்!” ஒவ்வொரு நானுக்கும் பல் இன்னும் கொஞ்சம் முன்னால் போக, கதவுக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் கூடிற்று. கடைசியில் உமா வந்து உள்ளேயிருந்து திறந்தாளாம். இவ்வளவுக்கும் அவர் காற்று மாசு என்று சொல்லி ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்லை” என்றே சாதித்தார். வீட்டில் சொல்லத் துணிந்தவர் யாருமில்லை. கதிரேசன் மட்டும் அந்த ஊசியைப் போட்டிருந்தால், சொன்ன ‘அப்பா’வுக்கெல்லாம் பல் தொண்டைக்குள்ளே போயிருக்கும்.

செண்பகத்தின் பல் நேரானது அவர் காதுக்கு எட்டியது. ஒரு நல்ல நாளாகப் பார்த்து, கொட்டுகிற மழையில், மனைவி, மகன், தன் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு என் தம்பி வீட்டுக்கு வந்தார். வருகிறார் என்று தெரிந்ததும் ஜெபசெல்விக்குச் சொல்லியனுப்பியவன் நான்தான். சும்மா, காபி குடிக்க.

“பாத்தீரா சம்மந்தி,” என்றார் முகமூடிக்குள்ளிருந்து. “நான் சொன்னேன்லா, கொஞ்ச நாள் பொறந்த வீட்டுல கெடந்தா சரியாவும்னு? நான் பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிடுத ஆளில்லை. பிள்ளையை அனுப்பி வையும்.”

என் தம்பி தலையாட்டப் போனான். செண்பகம் முன்னால் வந்தாள்.

“வாரேன். ஆனா ஏமாத்துக் கல்யாணம்னு இவுங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. அது இல்லைன்னு இவுங்க முன்னால சொல்லணும். உங்க வீட்டுக்கு வந்த பொறவு, உங்க வீட்டுல பேசிப் பேசித்தான் என் பல்லு நகந்துச்சு. அது நடந்ததுன்னு சொல்லுங்க.”

“கோட்டி புடிச்சிருக்கா? சொல்லுக்குப் பல்லு நகருமா?”

“டாக்டர் காட்டுவாங்க.”

“ஜெபசெல்வி, நான் பாலம் கட்டுனவன். எனக்கே பாடமா?”

“பாடமெல்லாம் இல்லை சார். நாக்கை நீட்டுங்க,” என்றாள். அவர், “நான் எதுக்கு…” என்று முடிப்பதற்குள் முகமூடியை விலக்கி நாக்கில் சாயத்தைத் தடவிவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அனைவரும் ஒரு நாற்காலி பின்னால் தள்ளிப் போனார்கள். மரியாதைக்கு இல்லை, இடம் போதவில்லை. நான் குடையை மாட்டியது அப்போதுதான். என் தம்பி இல்லை என்று சொல்வான். அவன் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

“ஏதாவது பேசுங்க சார்.”

“நான் என்ன சும்மா நான் நான்னா பேசுதேன்? நான் அப்படிப்பட்ட ஆளா? நான் எப்பவாவது நான்னு சொல்லி நீங்க யாராவது கேட்டிருக்கீங்களா?”

கண்ணாடியைக் காட்டினாள். அவருடைய பற்களின் முதுகு, மேகமில்லாத வானத்தைப்போல ஒரே நீலமாக இருந்தது. பெரியவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

“வித்தை!” என்றார் நயினார். “சாயத்தை நீதானே பூசின? நாக்குல இருந்தா பல்லுலயும் ஒட்டத்தான் செய்யும். பல்லு நகந்ததுக்கு இது சாட்சியா?”

டாக்டர் சாயப் புட்டியை மூடி வைத்தாள். எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. செண்பகம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“நீங்க சொல்லாம நான் வரமாட்டேன். என் பல்லு நேரா இருக்கு. இங்கயே இருந்தா நேராவே இருக்கும்.”

அப்போது ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அவ்வளவு புதிய குரல்.

“அவ சொல்லுதது சரிதான்,” என்றான் கதிரேசன். வாக்கியத்தில் அப்பா இல்லை. “ஊசி போட்டுக்கிட்டப்ப உங்க பல்லும் நேராத்தான் இருந்துச்சு. அதையும் யாரும் மறைச்சுக் கொண்டுவந்து நம்ம வீட்டுல கட்டிவைக்கலை. அவ வரலைன்னா நானும் இங்கயே இருந்துக்கிடுதேன்.”

உமா புருஷனைப் பார்த்தாள். “கதவு உங்களை யாருன்னு கேட்டுச்சுல்லா,” என்றாள் மெதுவாக. “நான்தானே வந்து தெறந்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்.” பிறகு செண்பகத்தின் பக்கம் திரும்பி, “நீ இனிமே என்னை அத்தைன்னு கூப்பிட வேண்டாம். உமான்னே கூப்பிடு. அதுல நாக்கு பல்லுல படாதுல்லா,” என்றாள். பெரியவர்களுக்கு மயக்கம் வராத குறை.

நயினார் முகமூடியைத் தேடினார். நீலமாகிக் கீழே கிடந்தது. எல்லாரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள்; இத்தனை நாள் செண்பகத்தைப் பார்த்ததைப்போல. அவருக்கு அது புரிந்தது என்பது எனக்குத் தெரிந்தது. ஏளனம் செய்ய இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனாலும் நான் போய் என் குடையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

“ஆமா,” என்றார்.

“ஆமான்னா?” என்றாள் செண்பகம்.

“ஆமாம்மா… ஆமா, ஆமா.”

ஜெபசெல்வி என் காதில் கிசுகிசுத்தாள்: “கெட்டிக்காரரு. ஆமாவுல பல்லு உள்ளதான் போவும்.”

“ஆமா எனக்கு வேண்டாம். அதை எதுக்கு வேணும்னாலும் சொல்லலாம். நடந்ததுன்னு சொல்லுங்க.”

“வேண்டாம் செண்பகம்,” என்று டாக்டர் குறுக்கே வந்தாள். “அந்தச் சொல்லு முழுக்கப் பல்லுலதான் முட்டும். அவரு பல்லு ஏற்கெனவே விழுற மாதிரி விளிம்புல நிக்கு. வேற ஏதாவது சொல்லச் சொல்லு. ‘மன்னிப்பு’ன்னா கூட நல்லது. உதட்டுக்கு வேலை.”

செண்பகம் டாக்டரைப் பார்த்தாள், மாமனாரின் பல்லைப் பார்த்தாள். “அப்போ சரி, விடுங்க,” என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். முதல்முறையாகப் பெரியவர்கள் பக்கம் திரும்பி, வாயை மறைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நடந்தது,” என்றார், நாக்கை நன்றாக அழுத்தி. பல் நகர்ந்தது, எல்லாரும் பார்த்தோம். அவரும் உணர்ந்திருக்க வேண்டும், கண் கலங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“நடந்தது தாயி. நீ ஏமாத்தலை.”